சேற்றுப்புண்ணும் சோப்பு உறையில் இருக்கும் சொல்லும்

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு,

வீட்டுக்காரர் காலில் சேற்றுப்புண் என்றும், சோப்பு உறையில் இருக்கும் ‘ஆன்டிமைக்ரோபியல்’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றும் கேட்டுவிட்டு, கடைசி வரியில், ‘எதிர்வீட்டு அண்ணனுக்கும் சேற்றுப்புண்ணில் ஆரம்பித்துத்தான் கட்டைவிரலை எடுத்தார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் அதுதான். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. சம்பா நடவுக்கு நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிறார். ‘வலி ஒன்றும் இல்லை’ என்று அவர் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். சர்க்கரையால் மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது. ராத்திரி காலைக் கழுவித் துடைத்ததும், நல்ல வெளிச்சத்தில் விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். தோல் வெள்ளையாக ஊறி அரித்தால் அது வழக்கமான சேற்றுப்புண். சிவப்பு விரலைத் தாண்டிப் புறங்காலுக்கு ஏறியிருந்தால், அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதிவிட்டு, அன்றைக்கே திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கெட்ட வாடை, கறுப்பு நிறம், காய்ச்சல் இருந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட சொல். ஆன்டிமைக்ரோபியல் என்பது பொதுப்பெயர். பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ், ஒட்டுண்ணி என எந்தக் கிருமியைக் கொன்றாலும், வளரவிடாமல் தடுத்தாலும் அந்தப் பெயர்தான். ஆன்டிபயாடிக் அதில் ஒரு வகை, பாக்டீரியாவுக்கு மட்டும். சேற்றுப்புண் பெரும்பாலும் பூஞ்சை. குருத்துப்பூச்சிக்கு அடிக்கிற மருந்தைக் கோரைக்கு அடித்தால் கோரை சாகுமா? சேற்றுப்புண்ணுக்கென்று நீங்கள் மெடிக்கலில் கேட்டு வாங்கிய அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையின் கதையும் அதுதான். அட்டையில் சிவப்புக் கோடு இருந்திருக்குமே, டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கோடு. இரண்டு நாள் சாப்பிட்டு நிறுத்தியதும் தப்பு. அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே எச்சரித்தார்.

பழகுவது கிருமி, உடம்பு அல்ல. ‘இனி எந்த மருந்தும் ஏறாது’ என்று செல்போனில் படித்ததை மறந்துவிடுங்கள்.

சோப்பா? சாதாரண சோப்பே போதும். கிருமிநாசினி சோப்பு அதைவிட மேல் என்று கம்பெனிகள் நிரூபிக்காததால், டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினி உட்பட 19 பொருட்களை அத்தகைய சோப்புகளில் சேர்க்க 2016-இல் அமெரிக்காவில் தடை போட்டார்கள். மருதாணி அரைத்துப் பூசுவது தோல் கிழிந்த இடத்தில் மட்டும் வேண்டாம்.

இந்த வாரமே ஒரு டாக்டரிடம் காலைக் காட்டி, பூஞ்சைக்கான களிம்பு வாங்குங்கள். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள். அவர் என்ன சாப்பிட்டார் என்பது அந்த டாக்டருக்குத் தெரிய வேண்டும்.