ஹார்மோன், ஆபரேஷன், ஜி.எச்.: வடசென்னைக் கேள்விகளுக்குப் பதில்

திருநங்கை, திருநம்பி சிகிச்சை பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற ஆள். அந்த அளவுக்குச் சொல்கிறேன்.

அக்கா, கையில் காசில்லை. எங்கே தொடங்குவது? (வியாசர்பாடி)

வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறு, பேசின் பிரிட்ஜ் தாண்டினால் சென்ட்ரல், எதிரிலேயே ராஜீவ் காந்தி ஜி.எச். அங்கே நமக்கென்று தனி கிளினிக் உண்டு, தினமும் இருக்காது, கிழமையை விசாரித்துக்கொண்டு போ. முதலில் மனநல டாக்டர் பேசுவார். பைத்தியம் என்று நினைக்கிறார்களோ என்று பயப்படாதே, அவர் தரும் கடிதத்தைப் பார்த்துத்தான் ஹார்மோன் டாக்டர் மருந்து எழுதுவார். ஓபி சீட்டில் ஆதார் பேர்தான் வரும், அதைத்தான் கூட்டத்தில் சத்தமாகக் கூப்பிடுவார்கள். முன்னாடியே நர்ஸம்மாவிடம் போய் உன் பேரைச் சொல்லிவிடு, பெரும்பாலும் கேட்பார்கள்.

மாலா டி தினம் நாலு போடுகிறேன். மார்பு வளருமா? (தண்டையார்பேட்டை)

இன்றைக்கே நிறுத்து கண்ணு. அது கர்ப்பத்தடை மாத்திரை, அதில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடியால், காலிலும் நுரையீரலிலும் ரத்தம் கட்ட வைக்கும், சிகரெட்டும் பிடித்தால் கேட்கவே வேண்டாம். டாக்டர் எழுதுவது எஸ்ட்ராடியால், அது வேறு. ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தால் பொட்டாசியமும் கிட்னியும் டெஸ்ட் பண்ண வேண்டும், மெடிக்கலில் நீயே வாங்கிப் போட்டால் இதையெல்லாம் யார் பார்ப்பது? மார்பு 3 முதல் 6 மாதத்தில் வளரத் தொடங்கும், முழுசாக வளர 2, 3 வருஷம் ஆகும், அள்ளிப் போட்டால் சீக்கிரம் வந்துவிடாது. குரல் மாறாது, தாடியும் போகாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ நேரே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ஓடு, மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டு, மறைக்காதே.

ஜிம் அண்ணன் டெஸ்டோஸ்டிரோன் ஊசி தருகிறேன் என்கிறார். (ராயபுரம், திருநம்பி)

வேண்டாம் தம்பி. ரத்தம் கெட்டியாகும், முதல் வருஷம் 3 மாதத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் வேண்டும். உடைந்த குரல் பழையபடி ஆகாது. பீரியட்ஸ் நின்றாலும் கர்ப்பம் தங்கலாம், இதை யாரும் சொல்வதில்லை.

ஒரு டாக்டர் என் பிள்ளையைச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். (கொருக்குப்பேட்டை, ஒரு அம்மா)

காசைக் கொட்டாதீர்கள் அம்மா. இப்படி 'மாற்றும்' சிகிச்சையைத் தடுக்கச் சொல்லி 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார், மறு வருஷமே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று சொல்லிவிட்டது. பால்புதுமையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் துணை நிற்கிற ஓரினம் அமைப்பின் மூலம் உங்களைப் போன்ற பெற்றோர்களிடம் பேசிப் பாருங்கள். பிள்ளையைத் திட்டாமல் சோறு போடுங்கள், அது முதல்.

ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் ஆகுமாமே? தாயம்மா (வீட்டிலேயே அறுத்துவிடும் மூத்த திருநங்கை) கையில் நிர்வாணம் (ஆணுறுப்பை நீக்குவது) செய்துகொள்ளலாமா?

தனியாரில் ஆகும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் காத்திருக்கணும். தாயம்மாவைக் குறை சொல்லவில்லை, வேறு வழியில்லாத காலத்தில் அவர்கள்தான் இருந்தார்கள், ஆனால் ரத்தம் நிற்காமல் போனால் அந்த வீட்டில் ஏற்ற ரத்தம் கிடையாது. ஆபரேஷனுக்குப் பிறகும் ஹார்மோனை விடாதே, எலும்பு தேயும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வை, நாலு ஜெராக்ஸ் எடுத்துக்கொள், பின்னால் அடையாள அட்டையில் திருத்தம் செய்யப் போகும்போது கேட்பார்கள்.