பதில்: செண்ட் ஒரு மணி நேரத்துல போயிருது

தம்பி, பாளையங்கோட்டைல செண்ட் அடிச்சா திருநெல்வேலி டவுன் போயி பைக்க நிறுத்துததுக்குள்ள வாசமே இல்லன்னு எழுதிருக்கிய, அதுக்காவ உடனே வேற பாட்டில் வாங்கிராதிய. மொதல்ல கூட இருக்கவங்ககிட்ட வாசம் வருதான்னு கேளுங்க, நம்ம மூக்கு ஒரே வாசத்துக்குப் பழகிரும், நமக்குத்தான் தெரியாது. அவங்களும் இல்லன்னு சொன்னா பாட்டில்ல பாருங்க, ஓ டி டாய்லெட்னு (Eau de Toilette) போட்டிருந்தா அது லேசான வகை, வாசனை எண்ணெய் பொதுவா 5லருந்து 15 சதவீதந்தான், மிச்சம் பெரும்பாலும் ஆல்கஹால், அதுலயும் எலுமிச்சை ஆரஞ்சு வாசம்னா நம்மூரு வெயில்ல சட்டுனு பறந்துரும். சந்தனம், வெட்டிவேர் மாதிரி கனமான வாசத்துல ஓ டி பர்ஃபம் (Eau de Parfum) பாருங்க, அதுல வாசனை எண்ணெய் கூட இருக்கும்.

கடைல செண்ட் அடிச்சு நீட்டுத அட்டைய மோந்துட்டு பில்லு போட்றாதிய தம்பி, கைல அடிச்சுட்டு ரத வீதிய ஒரு சுத்து சுத்தி வாங்க, அரை மணி நேரம் கழிச்சு கைல நிக்குததுதான் நெசமான வாசம், ஆரம்பத்துல குப்புனு வாரது கடைய விட்டு எறங்கும்போதே போயிரும்.

குளிச்சதும் வாசமில்லாத க்ரீம் தடவி அதுமேல அடிங்க, காஞ்ச தோல்ல நிக்காது. பாட்டில பைக் பெட்டில மட்டும் வைக்காதிய, சூட்டுல கெட்டுரும். ஆல்கஹால் இல்லாத அத்தர்னா ஒரு சொட்டே போதும், ஆனா எண்ணெய்லா, வெள்ளை சட்டைல படாம காதுக்குப் பின்னால தொட்டு வைங்க.