சோலார் ஹீட்டர் வெந்நீரைக் குடிநீராக்க முடியுமா?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் சிறிய விடுதி நடத்துகிறேன். போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 9,000. மாடியில் 300 லிட்டர் சோலார் ஹீட்டர் இருக்கிறது. வெந்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் 'மெம்பிரேன் டிஸ்டிலேஷன்' கருவியை வாங்கலாமா?

பதில்: உங்கள் விடுதிக்கு வேண்டாம். முறை அருமையானதுதான், உங்களிடம் இருக்கும் சூடுதான் அதற்குப் போதாது.

ஆர்.ஓ. சுத்திகரிப்பில் தண்ணீரை மெம்பிரேன் எனும் மெல்லிய படலத்தின் வழியே அழுத்தித் தள்ளுகிறோம், உப்பு பின்தங்குகிறது. மெம்பிரேன் டிஸ்டிலேஷனில் தண்ணீர் மெம்பிரேனுக்குள் போகவே கூடாது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருளும் அல்லவா, அப்படிப்பட்ட டெஃப்லான் வகைப் படலம் இது. துளைகள் சுமார் 0.2 மைக்ரான். ஒரு பக்கம் 60 டிகிரி உப்புநீர், மறுபக்கம் குளிர்ந்த நீர். ஆவி மட்டும் துளை வழியே கடந்து அந்தப் பக்கம் நீராகிறது. கொதிக்க வைக்க வேண்டியதில்லை, பெரிய அழுத்தமும் தேவையில்லை.

ஆனால் ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 560 கிலோ கலோரி வேண்டும். உங்கள் ஹீட்டர் ஒரு நல்ல வெயில் நாளில் 300 லிட்டரை 30 டிகிரி சூடேற்றினால், கிடைப்பது 9,000 கிலோ கலோரி. வகுத்துப் பாருங்கள்: 16 லிட்டர். ஆவி நீராகும்போது விடும் சூட்டைப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தி மூன்று மடங்கு எடுத்தாலும் 50 லிட்டரைத் தாண்டாது. அதற்காக விருந்தினர் குளிக்கும் வெந்நீர் முழுவதையும் இழப்பீர்கள்.

மின்சாரக் கணக்கில் சொன்னால், சூட்டைத் திரும்பப் பிடிக்காவிட்டால் ஒரு லிட்டருக்கு 0.65 யூனிட் அளவு வெப்பம். கடல்நீர் ஆர்.ஓ. ஆலைகளோ 1,000 லிட்டரையே 3, 4 யூனிட்டில் முடித்துவிடுகின்றன.

சரி, இது யாருக்குப் பொருந்தும்? சூட்டை வீணாக வெளியே விடுபவர்களுக்கு. நாள் முழுக்க ஓடும் டீசல் ஜெனரேட்டரின் குளிரூட்டும் நீர் 80 டிகிரிக்கு மேல் வரும், அது போதும். அப்புறம், ஆர்.ஓ. திணறும் அளவுக்கு உப்பேறிய கழிவுநீரையும் இது தாங்கும், உப்பு கூடினாலும் ஆவி அழுத்தம் கொஞ்சம்தான் குறையும் என்பதால். வீணாகும் சூட்டில் குடிநீர் எடுப்பது நமக்குப் புதிதல்ல. வட சென்னை அனல்மின் நிலையத்தில் 2009-இல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் குளிரூட்டி வெளியேறும் கடல்நீரிலிருந்து நாளுக்கு 1.5 லட்சம் லிட்டர் எடுக்கும் ஆலையை நிறுவியது. அதில் மெம்பிரேன் இல்லை, வெற்றிடத்தில் ஆவியாக்கினார்கள், யோசனை ஒன்றுதான்.

உங்களுக்கு உவர்நீருக்கான சிறிய வணிக ஆர்.ஓ. போதும். வீட்டு ஆர்.ஓ. வாங்கிவிடாதீர்கள்; அவை பெரும்பாலும் 2,000 டி.டி.எஸ். வரைக்குத்தான். முதலில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, இரும்பும் கடினத்தன்மையும் பாருங்கள். ஆர்.ஓ. வெளியேற்றும் உப்புக் கழிவுநீரை மட்டும் போர் பக்கத்தில் விடாதீர்கள், திரும்ப உங்கள் தண்ணீரிலேயே வந்து சேரும். வடகிழக்குப் பருவமழையை மாடியிலிருந்து தொட்டியில் பிடித்தால் சமையலுக்கான பாரமும் குறையும்.

இதற்கு மேலும் யாராவது இந்தக் கருவியைக் கொண்டுவந்தால், உங்கள் போர் தண்ணீரிலேயே இரண்டு வாரம் ஓட்டச் சொல்லுங்கள். தினமும் வரும் நீரில் டி.டி.எஸ். மீட்டரை வையுங்கள். அளவு ஏறினால் படலம் நனைந்து உப்புநீர் கசிகிறது என்று அர்த்தம். சோப்போ எண்ணெயோ கலந்த தண்ணீர் போனால் இது சீக்கிரமே நடக்கும், எனவே துணி துவைக்கும் தண்ணீர் எந்த வழியிலும் கருவிக்குள் போகாதபடி குழாய்களைப் பிரித்துவிடுங்கள்.