செல்டா விளையாட்டுகளைக் காலவரிசைப்படிதான் விளையாட வேண்டுமா?

கேள்வி: ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ தொடரைக் கதையின் காலவரிசைப்படி விளையாட விரும்புகிறேன். ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ விளையாட்டில் ரௌரு என்பவரே கதை நடக்கும் ஹைரூல் நாட்டின் முதல் மன்னராக வருவதால், பழைய வரிசையே தவறு என்கிறார்கள். சரியான வரிசை என்று ஒரு பிடிஎஃப் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காலவரிசையைப் பின்பற்ற வேண்டிய தேவையும் இல்லை. 1986 முதல் வெளிவரும் இத்தொடரில் பெரும்பாலான விளையாட்டுகள் தனிக்கதை; நாயகன் லிங்க், இளவரசி செல்டா என்ற பெயர்கள் தொடர்ந்தாலும் அவற்றில் அவர்கள் வெவ்வேறு தலைமுறையினர். ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ முடித்த பிறகே ‘டியர்ஸ்’ என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.

விற்கப்படும் வரிசைகளுக்கெல்லாம் மூலம், 2011 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ‘ஹைரூல் ஹிஸ்டோரியா’ என்ற நூலே. 1998-இல் வந்த ‘ஆக்கரினா ஆஃப் டைம்’ கதைக்குப் பின் வரலாறு மூன்று கிளைகளாகப் பிரிவதாக அந்நூல் கூறுகிறது. லிங்க் தோற்றுவிடும் கிளை, பழைய விளையாட்டுகளை எங்கேனும் பொருத்துவதற்காகச் சேர்க்கப்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

ரௌரு, வரிசையின் முதல் கதையான ‘ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்’ காலத்துக்குப் பின் நாட்டை நிறுவியவர் என்பது ஒரு கோட்பாடு. பழைய ஹைரூல் அழிந்து, அதே பெயரில் மீண்டும் எழுந்த நாட்டின் முதல் மன்னர் என்பது இன்னொன்று. ‘டியர்ஸ்’ விளையாட்டின் இயக்குநர் ஹிடெமாரோ புஜிபயாஷி ஒரு நேர்காணலில் இரண்டாவதற்கு வாய்ப்புண்டு என்ற அளவில் பேசினார். அந்த ‘வாய்ப்பு’தான் காணொளி முகப்புகளில் ‘உறுதி’ என்று கொட்டை எழுத்தில் மாறியிருக்கிறது. ரசிகர் வரைந்த காலவரிசைப் படத்தில் நிறுவனச் சின்னத்தை ஒட்டி விற்பவர்களும் உண்டு. இத்தொடரை வெளியிடும் நின்டெண்டோ நிறுவனமும் 2018-இல் ‘பிரெத்’ விளையாட்டை வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, எந்தக் கிளை என்று சொல்லாமல் விட்டது. பின்னர் ‘பிரெத்’, ‘டியர்ஸ்’ இரண்டையும் கிளைகளில் சேர்க்காமல் தனியே நிறுத்தியது. ஒரே ஒரு வரி விளக்கம் தந்திருந்தால் இத்தனை பேர் இதில் பிழைப்பு நடத்த முடியாது.

ரசிகர் கோட்பாடு மெய்யானதும் உண்டு. 2006-இல் வெளியான ‘ட்வைலைட் பிரின்சஸ்’ விளையாட்டில் லிங்குக்கு வாள்வித்தை கற்பிக்கும் எலும்புக்கூட்டு வீரர், ‘ஆக்கரினா’வின் லிங்கே என்று ரசிகர்கள் சொன்னதை ‘ஹிஸ்டோரியா’ ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கான தடயம் விளையாட்டுக்குள்ளேயே இருந்தது: வீரனாக வாழ்ந்தும், கற்றதைப் பின்வருவோருக்குக் கொடுக்க முடியாமல் போன வருத்தத்தை அவரே சொல்கிறார், அவரை அடைவதற்கு லிங்க் ஓநாயாக ஊளையிடும் மெட்டுகளில் சில ‘ஆக்கரினா’வில் ஒலித்தவை. இத்தகைய தடயத்தைக் காட்டாத கோட்பாட்டைக் கதையாகக் கேட்டு மகிழலாம், காசு கொடுக்கக் கூடாது.

வரிசை கலையக் கூடாதென்று கேம் பாய் அட்வான்ஸ் என்ற பழைய கையடக்கக் கருவியின் கார்ட்ரிட்ஜ்களைத் தேடியும் போகாதீர்கள். சந்தையில் போலிகள் மிகுதி; பலவற்றில் சேமித்த ஆட்டம் அழிந்துவிடும். அக்கருவிக்கு வந்த ‘மினிஷ் கேப்’ விளையாட்டு, நின்டெண்டோவின் ஸ்விட்ச் ஆன்லைன் சேவையின் எக்ஸ்பேன்ஷன் பேக் சந்தாவிலேயே இருக்கிறது.