தீட்டு நின்ற பிறகு வரும் ஈரம்

கோத்தகிரி வாசகி: அம்மாவுக்கு 68 வயது. நாற்றத்தோடு வெள்ளைப்பட்டது. கர்ப்பப்பைக்குள் நீர் தேங்கியிருப்பதாக ஸ்கேனில் வந்தது. மாத்திரையில் நாற்றம் போய்விட்டது. இனி விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நாற்றம் இருந்ததால் அது சீழாக இருக்கவே வாய்ப்பு அதிகம், பயோமெட்ரா என்போம். வயதானால் கர்ப்பப்பை வாய் சுருங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே தேங்குவது சீழ் பிடிக்கும். சிலருக்கோ அந்த அடைப்பே வாயிலோ உட்சுவரிலோ வளரும் புற்றுநோய். மாத்திரை கிருமியை அடக்கும், அடைப்பைத் திறக்காது. சீழை வடித்து, இரண்டு இடத்திலிருந்தும் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். சுவர் மெலிந்து ஓட்டை விழும் ஆபத்து இருப்பதால், சில சமயம் முதலில் வடித்துவிட்டுத் திசுவைப் பிறகு எடுப்போம். காய்ச்சலோடு வயிறு இறுகினால் அன்றே ஆஸ்பத்திரி.

இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொண்டு தேயிலை எடுப்பவர்கள், பனியா வியர்வையா என்று பாராமல் இந்த ஈரத்தை மாதக்கணக்கில் சுமக்கிறார்கள். முதுகுவலி என்றுதான் ஒரு பாட்டி என்னிடம் வந்தார். சேலையை விலக்கியபோது நர்ஸ்தான் கவனித்தார்.

கூடலூர் வாசகி: முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று கழுவிவிட்டார்கள். கர்ப்பமே இல்லாதபோது வாராவாரம் எதற்கு ரத்தப் பரிசோதனை?

முத்துப்பிள்ளை என்பது குழந்தை சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு கொத்துக் கொத்தாகப் பெருகும் கர்ப்பம். கழுவிய பிறகும் அந்தத் திசு மிஞ்சி வளரலாம். குழந்தையே உருவாகாத முழு முத்துப்பிள்ளையில் 100 பேரில் 15 முதல் 20 பேருக்கு இப்படி நடக்கிறது. ரத்தத்தில் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் இறங்காமல் நின்றாலோ ஏறினாலோதான் நமக்குத் தெரியும். அளவு இயல்பாகும்வரை வாராவாரம், பிறகு சில மாதங்கள் மாதம் ஒருமுறை. ஒரே லேபில் பாருங்கள். லேபுக்கு லேப் எண் மாறும். டாக்டர் சொல்லும்வரை கருத்தடை அவசியம், புதுக் கர்ப்பமும் அதே ஹார்மோனை ஏற்றிவிடும். மிஞ்சி வளர்ந்தாலும் பெரும்பாலும் மருந்திலேயே குணமாகும் நோய் இது. பயத்தில் மறைந்துவிடாதீர்கள்.

குன்னூர் வாசகி: பாப் ஸ்மியர் சரியாக இருந்தது. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழித்து லேசாகக் கறை பட்டது.

பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாய்க்கான சோதனை. உள்ளே நடப்பதற்கு அது சாட்சி அல்ல. பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்யுங்கள். உட்சுவர் 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் திசுப் பரிசோதனை. தாண்டாவிட்டாலும், மறுபடி கறை பட்டால் அதேதான்.

ஊட்டி வாசகர்: மனைவியைக் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறார்கள். பயாப்சி ரிப்போர்ட் போதாதா?

போதாது. அரிய நோய் என்றால் அங்கே திசுவை ஆராயும் டாக்டர் அதைத் தன் கண்ணால் பார்க்க விரும்புவார். திசுச் சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடுகளோடு, திசு பதித்த மெழுகுக் கட்டியையும் லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மறுபடி திசு எடுக்க நேரும். மேட்டுப்பாளையம் தாண்டியதும் வெயில். காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், மெழுகு இளகும்.