ஆல்பைனில் குரோமியம் ஏன் அடம் பிடிக்கிறது?

கேள்வி: சென்னை துரைப்பாக்கத்தில் ஒரு நிறுவனத்தின் டெஸ்டிங் டீமில் இருக்கிறேன். பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் பிளேரைட் டெஸ்டுகளை டாக்கர் கன்டெய்னரில் (தனியாக அடைத்து ஓட்டும் சூழலில்) ஓட்டுகிறோம். அதற்கான இமேஜில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சில்) பாதுகாப்பு ஓட்டைகள் அதிகம், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரும் கூடாது என்று செக்யூரிட்டி டீம் திருப்பி அனுப்பிவிட்டது. சின்னதாக இருக்கட்டும் என்று ஆல்பைன் லினக்ஸுக்கு மாற்றினேன், பிரவுசரே திறக்கவில்லை. பழைய இமேஜிலும் டேப் அடிக்கடி கிராஷ் ஆகும். என்ன செய்யலாம்?

பதில்: பிழை உங்களுடையதல்ல. பிளேரைட் இறக்கித் தரும் பிரவுசர்கள் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியை நம்பி பில்ட் செய்யப்பட்டவை. ஆல்பைனில் அதற்குப் பதில் மஸ்ல் என்ற வேறு லைப்ரரி இருக்கிறது. ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டை அடித்தால் குரோமியம் (குரோமின் ஓபன் சோர்ஸ் அடிப்படை) ஃபைல் கண்ணெதிரே இருக்கும். ஓட்டினால் 'நாட் ஃபவுண்ட்' என்று வரும். காணாமல் போனது அந்த ஃபைல் இல்லை, அதை மெமரியில் ஏற்றிவிட வேண்டிய ஜிலிப்சியின் லோடர். இதில் நானும் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

ஜிலிப்சி உள்ள டெபியன் லினக்ஸின் சிறிய வடிவமான ஸ்லிம் இமேஜுக்கு மாறிவிடுங்கள். ஆல்பைன் 5 எம்பிதான் என்று ஆசையாக இருக்கும், ஆனால் அதன் மேல் உட்காரப்போகிற பிரவுசரே சில நூறு எம்பி. பிளேரைட்டின் அதிகாரபூர்வ இமேஜில் குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் மூன்றும் இருக்கின்றன. குரோமியத்தில் மட்டும்தான் டெஸ்ட் என்றால் அதை மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். மற்ற இரண்டுக்காக வந்த லைப்ரரிகளும் சேர்ந்து போய்விடும், ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரின் பட்டியலும் சுருங்கும்.

ஆனால் பட்டியல் காலியானதும் நிம்மதியாகிவிடாதீர்கள். பல ஸ்கேனர்கள் டெபியன் பேக்கேஜ்களைத்தான் எண்ணுகின்றன. பிளேரைட் தனியாக இறக்கிய பிரவுசர் அந்தக் கணக்கில் வராது. குரோமுக்கு 2023 முதல் வாரா வாரம் பாதுகாப்பு அப்டேட் வருகிறது. நீங்கள் பிளேரைட்டை ஆறு மாதம் ஒரே வெர்ஷனில் பூட்டி வைத்தால் ஆறு மாதப் பழைய பிரவுசர்தான் ஓடும்.

கமாண்ட் அடிக்க ஷெல்லே இல்லாத டிஸ்ட்ரோலெஸ் இமேஜ்? முடியும், ஆனால் இப்போதைக்கு வேண்டாம். டெஸ்ட் விழும்போது உள்ளே போய்ப் பார்க்க வழி இருக்காது.

அடுத்தது ரூட். ரூட் யூசராக ஓட்டினால் குரோமியம் தன் சாண்ட்பாக்ஸுடன் (பக்கத்தின் கோடை அடைத்துவைக்கும் பாதுகாப்பு வேலியுடன்) கிளம்பாது, அதனால் எல்லோரும் அதை அணைக்கும் 'நோ சாண்ட்பாக்ஸ்' ஆப்ஷனைப் போட்டுவிடுகிறார்கள். சொந்த சைட்டை மட்டும் திறந்து பார்ப்பதென்றால் அதில் பெரிய ஆபத்தில்லை என்பது என் கருத்து. ஆனால் உங்கள் பக்கத்தில் விளம்பரம், சாட் பெட்டி என்று வெளியார் ஸ்கிரிப்ட் ஏதாவது ஓடுகிறதா? அதே கன்டெய்னரில் சைட்டை வெளியிடும் அதிகாரம் தரும் டிப்ளாய் டோக்கன் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் சாண்ட்பாக்ஸைக் கழற்றாதீர்கள்.

தனி யூசராக மாற்றிய பிறகும் சாண்ட்பாக்ஸ் மறுக்கலாம். அதற்கு யூசர் நேம்ஸ்பேஸ் (யூசர்களைத் தனியாகப் பிரித்துவைக்கும் லினக்ஸ் வசதி) தேவை, கெர்னலிடம் எதைக் கேட்கலாம் என்று கட்டுப்படுத்தும் டாக்கரின் வழக்கமான செக்காம்ப் விதிகள் அதைத் தடுக்கின்றன. இந்த இடத்தில் பலர் 'சிஸ் அட்மின்' என்ற மிகப் பரந்த அதிகாரத்தைக் கொடுத்துவிடுவார்கள். பூட்டு திறக்கவில்லை என்று கதவையே பெயர்த்த கதைதான் அது. பிளேரைட் ஆவணத்திலேயே இதற்கான செக்காம்ப் ஃபைல் இருக்கிறது. டாக்கரின் விதிகளோடு நேம்ஸ்பேஸ் அனுமதியை மட்டும் கூடுதலாகச் சேர்த்தது. அதைச் செக்யூரிட்டி டீமிடம் காட்டிப் பேசுங்கள்.

டேப் கிராஷுக்குக் காரணம் பெரும்பாலும் ஷேர்டு மெமரி, அதாவது பிரவுசரின் பிராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் மெமரி. டாக்கர் அதற்கு 64 எம்பிதான் ஒதுக்குகிறது, படங்கள் நிறைந்த பக்கம் ஒன்று போதும் நிரம்புவதற்கு. கன்டெய்னரைத் தொடங்கும்போது 1 ஜிபி கொடுத்துப் பாருங்கள். அப்புறம், இனிட் ஆப்ஷனையும் போடுங்கள். செத்த பிரவுசர் பிராசஸ்கள் குவியாமல் இருக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கிண்டியில் ஒரு டீமில் ஸ்கிரீன்ஷாட் டெஸ்ட் வாரக்கணக்கில் பச்சையாகவே இருந்தது. ஒருநாள் படத்தைத் திறந்தால் தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது. ஸ்லிம் இமேஜில் தமிழ் ஃபாண்ட் கிடையாது. ஒப்பிடுவதற்கு எடுத்து வைத்த பேஸ்லைன் படத்திலும் கட்டம், புதுப் படத்திலும் கட்டம், இரண்டும் பொருந்திவிட்டன! டெபியனில் லோகித் தமிழ் ஃபாண்ட் தனி பேக்கேஜாகவே கிடைக்கிறது. அதைச் சேர்த்து, பழைய பேஸ்லைன்களை அழித்துப் புதிதாக எடுங்கள். எடுத்ததில் ஒன்றையாவது திறந்து உங்கள் கண்ணால் பாருங்கள்.