தேர்வு நெருங்கும்போது பிள்ளை பதறினால் என்ன செய்யலாம்?

பிளஸ் டூ எழுதப்போகும் மகள் "படிச்சதெல்லாம் மறந்துபோச்சும்மா" என்று அழுவதாகச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மறக்கவில்லை. கவலை மனதை அடைத்துக்கொள்ளும்போது படித்தது சட்டென்று நினைவுக்கு வராது, அவ்வளவுதான்.

அந்தக் கவலையை முதலில் தாளில் இறக்கச் சொல்லுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரமிரெஸ், பைலாக் இருவரும் 2011-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்றுமுன் 10 நிமிடம் தங்கள் பயத்தை எழுதிய மாணவர்கள், குறிப்பாக அதிகம் பதறுபவர்கள், கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். நீங்களும் அதை வாங்கிப் படிக்காதீர்கள், அது அவளுக்கானது.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்தாலும் 10.15-க்குத்தான் எழுதத் தொடங்குவார்கள். முதல் 10 நிமிடம் வாசிப்பதற்கே. அதற்குள் நன்றாகத் தெரிந்த கேள்விகளைக் கண்டுபிடித்து, அவற்றில் தொடங்கினால் கைநடுக்கம் குறையும். பழைய வினாத்தாளை வைத்து, அதே நேரத்தில், வீட்டிலேயே இதை ஒத்திகை பாருங்கள்.

முந்தைய இரவு தூங்கவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் நாள்கணக்கில் தவித்தால் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.